பெரியம்மாவுக்கு மட்டும் கேட்ட கிரைண்டர்

"ஏம்பா, நடுராத்திரியில யாருப்பா மாவு அரைக்கிறது?"

ஆம்பூரிலிருந்து பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் கேட்ட கேள்வி இது. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கீழ்வீட்டிலும் மேல்வீட்டிலும் விசாரித்துப் பார்த்தேன், யாரும் அரைக்கவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியம்மா என்னை எழுப்பி, அவர் அறைக்கு நடுவில் நிற்கவைத்து, "இப்போ கேளு" என்றார். ஃபேன் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு ரயில், தெருவில் ஒரு நாய். அவ்வளவுதான். என் மனைவிக்கும் வேறெதுவும் கேட்கவில்லை. போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 31 டெசிபல் என்று காட்டியது, கிசுகிசுப்பு அளவுதான். "பாருங்க பெரியம்மா, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்படிச் சொன்னது தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஒருவருக்குக் கேட்டு, பக்கத்திலேயே இருப்பவருக்குக் கேட்காத இந்த மாதிரி ஒலிக்கு ஆங்கிலத்தில் 'ஹம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1970களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இது தங்களுக்குக் கேட்கிறது என்று சொன்ன பிறகுதான் விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. எந்த ஊர்க்காரர்களானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விவரிக்கிறார்கள். தூரத்தில் ஒரு டீசல் லாரி எஞ்சினை அணைக்காமல் நிற்பது போல இருக்கிறது என்பார்கள். வீட்டுக்குள் கூடுதலாகவும் வெளியே போனால் குறைவாகவும் கேட்கும், பகலில் தெரியாது, காதில் பஞ்சு வைத்தாலும் போகாது. நம் ஆட்களிடம் கேட்டால் கிரைண்டர் என்பார்கள். பக்கத்து அறையில் யாரோ சுருதிப்பெட்டியை அணைக்க மறந்துவிட்டார்கள் என்பார்கள்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாவ்ஸ் என்ற சின்ன ஊர். 1990களின் தொடக்கத்தில் அங்கே புகார்கள் குவிந்து நாடாளுமன்றம் வரை போனது. 1993ல் லாஸ் அலமோஸ், சாண்டியா ஆகிய தேசிய ஆய்வகங்களின் ஆட்களும் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினரும் நுட்பமான கருவிகளோடு இறங்கித் தேடினார்கள். ஊரில் சுமார் 2 சதவீதம் பேருக்கு அது கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். அவர்களிடம் செயற்கை ஒலிகளைப் போட்டுக் காட்டி எது பொருந்துகிறது என்று கேட்டபோது, ஆளுக்கு ஒன்றாக 32 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் சொன்னார்கள். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி தாழும். அந்த ஒலி நொடிக்கு அரை முதல் இரண்டு தடவை ஏறி இறங்குவதாகவும் சொன்னார்கள். ஆனால் அதற்கான மூலம் எதுவும் சிக்கவில்லை. டாவ்ஸ் இன்றைக்கும் புதிராகவே இருக்கிறது.

இந்தியானா மாநிலத்தின் கொகோமோ நகரத்தில் கதை வேறு. நகர நிர்வாகமே ஒரு லட்சம் டாலர் ஒதுக்கி ஒலி நிபுணர்களைக் கூப்பிட்டது. ஒரு தொழிற்சாலையின் கூலிங் டவரிலிருந்து 36 ஹெர்ட்ஸிலும், இன்னொன்றின் ஏர் கம்ப்ரஸரிலிருந்து 10 ஹெர்ட்ஸிலும் ஒலி வருவதை 2003ல் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சரிசெய்தார்கள். பலருக்கு நிம்மதி கிடைத்தது, சிலருக்குத் தொடர்ந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கனடாவின் வின்ட்சர் நகரத்தில் 2011லிருந்து வீட்டு ஜன்னல்கள் அதிரும் அளவுக்கு உறுமல். ஆற்றுக்கு அக்கரையில், அமெரிக்கப் பக்கம் ஸக் தீவில் இருந்த எஃகு ஆலையின் உலைகள் மேல் சந்தேகம். நிரூபிப்பது எளிதாக இல்லை. 2020ல் அந்த உலைகளை நிறுத்தினார்கள், உறுமலும் நின்றது. ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பதில் அது.

எல்லாமே இயந்திரம்தான் என்றும் இல்லை. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் படகு வீடுகளில் வசித்தவர்களை 1980களில் ராத்திரி ராத்திரியாகத் தூங்கவிடாமல் செய்தது ஒரு மீன். பெட்டையை அழைப்பதற்காக ஆண் மீன் தன் காற்றுப்பையை அதிரவைத்து மணிக்கணக்கில் ரீங்காரமிடும். படகின் அடித்தளம் அதை அப்படியே படுக்கைக்குக் கொண்டுவந்துவிடும்.

இங்கே பெங்களூருவின் ஒரு மத்தியான நேரம் நினைவுக்கு வருகிறது. 2020 மே 20. ஊரே அதிர்கிற மாதிரி ஒரு டமார் சத்தம். பூகம்பமா, குண்டா என்று ஆளுக்கு ஆள் பதறினார்கள். அன்றைக்கே பாதுகாப்பு அமைச்சகத்தின் விளக்கம் வந்துவிட்டது: விமானப்படையின் சோதனை விமானம் ஒலியைவிட வேகமாகப் பறந்துவிட்டு வேகத்தைக் குறைத்தபோது எழுந்த அதிர்வு, 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளிப் பறந்தாலும் இது கேட்கும். நகரம் முழுக்கக் கேட்ட சத்தத்துக்கு அன்று சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்தது. ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் கேட்ட சத்தத்துக்கு நாலு மாதம். இந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துகிறது.

சரி, ஒரே வீட்டில் ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?

நம் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி வாங்குவதில்லை. பேச்சு இருக்கும் 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 2, 3 டெசிபல் இருந்தாலே கேட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் கேட்கத் தொடங்கவே சுமார் 44 டெசிபல் வேண்டும், 20 ஹெர்ட்ஸில் 78க்கு மேல் வேண்டும். இது சராசரிக் கணக்கு. ஆளுக்கு ஆள் 10 டெசிபல் ஏறியோ இறங்கியோ இருப்பது சாதாரணம். இன்னொன்றும் உண்டு. கீழ்ஸ்தாயியில், கேட்கத் தொடங்கும் அந்த வாசலை ஒலி தாண்டிவிட்டால் சத்தம் கிடுகிடுவென்று பெரிதாகிவிடும். 1000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி இரண்டு மடங்காகத் தோன்றுவதற்கு 10 டெசிபல் கூட வேண்டும் என்றால், 20 ஹெர்ட்ஸில் அதில் பாதியே போதும். அதனால் வாசலுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் எனக்கு முழு அமைதி, கொஞ்சம் மேலே இருக்கும் அவருக்குத் தலைமாட்டில் கிரைண்டர். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறோம்.

அப்புறம் அறை. இதைத்தான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டேன். 48 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7.2 மீட்டர் நீளம். அதில் பாதி 3.6 மீட்டர், அதாவது பன்னிரண்டடி. நம் ஊர் படுக்கையறைகள் பல பன்னிரண்டடிதான். அப்படிப்பட்ட அறைக்குள் இந்த ஒலி நுழைந்தால் இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவர் ஓரத்தில் அழுத்தம் அதிகம், அறையின் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. பெரியம்மாவின் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. என்னை அவர் நிற்கவைத்த இடம் அறையின் நடு.

நாலாவது மாதத்தில் ஒரு ராத்திரி அவரை ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டு, அவர் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். ஃபேனை நிறுத்தினேன். முதல் ஐந்து நிமிடம் எதுவும் இல்லை. ஒரு மணி தாண்டியிருக்கும், தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்ல ஆரம்பித்தது. கேட்டேன் என்பதைவிட உணர்ந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதியில் ஒரு முனகல். அதுவும் ஒரே சீராக இல்லை, இரண்டு நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கி, ஏறி இறங்கி. குழவி ஒரு சுற்றுச் சுற்றி வருகிற தாளம். எழுந்து ஆறடி நடந்து அறைக்கு நடுவே நின்றேன், போய்விட்டது. திரும்ப வந்து தலையைச் சுவரோரம் வைத்தேன், வந்துவிட்டது. நாலைந்து தடவை இப்படி நடந்து பார்த்தேன். அந்த இருட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த நகரம் பம்பினால் வாழும் நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு, காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மூன்று கட்டமாக, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அது சம்ப்புக்குள் விழுந்த பிறகு ஒவ்வொரு கட்டிடமும் தன் பங்குக்கு இன்னொரு மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. காவிரி வராத இடத்தில் போர்வெல், போர் வற்றினால் டேங்கர், எதுவானாலும் மோட்டார். வீட்டு பம்ப் மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2880 சுற்று சுற்றும், நொடிக்கு 48. கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர் 1500 சுற்று. அதில் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் என்றால் நொடிக்கு 50 தடவை வெடிக்கும், ஆறு சிலிண்டர் என்றால் 75. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் முனகும். எல்லாமே டாவ்ஸ்காரர்கள் சொன்ன அந்த எல்லைக்கு உள்ளேயோ பக்கத்திலேயோதான்.

ஏறி இறங்கும் தாளத்துக்கும் காரணம் உண்டு. தம்பூராவில் இரண்டு தந்திகள் ஏறக்குறைய சேர்ந்து, முழுசாகச் சேராமல் இருக்கும்போது ஓர் அலைவு கேட்கும் இல்லையா, அதேதான். ஒரு மோட்டார் 48லும் இன்னொன்று 47.5லும் சுற்றினால் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஒலி பொங்கி அடங்கும். எங்கள் பக்கத்துக் கட்டிடம் ஒரு பிஜி ஹாஸ்டல். ஐம்பது அறுபது பிள்ளைகள் காலையில் குளிக்க வேண்டும், அதனால் ராத்திரி ஒரு மணிக்கு மேல் போர் மோட்டாரும் சம்ப் மோட்டாரும் சேர்ந்தே ஓடும். பெரியம்மா சும்மா ஏதோ சொல்லவில்லை. கிரைண்டர் என்று அவர் சொன்னதைவிடத் துல்லியமாக ஒரு ஒலிப் பொறியாளராலும் சொல்லியிருக்க முடியாது.

அப்படியென்றால் என் ஆப் ஏன் 31 காட்டியது? பெரும்பாலான போன்களின் மைக் பேச்சுக்காக அமைக்கப்பட்டது, அடிமட்ட ஒலியைக் கழித்துவிடும். அது ஒன்று. அதைவிட முக்கியமானது, சத்தம் அளக்கும் முறையே அப்படித்தான். 1933ல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதின் உணர்திறனை அளந்து வரைந்த வளைகோடுகளிலிருந்து வந்ததுதான் 'ஏ' எடைமுறை. டெசிபல்-ஏ என்று போடுவது இதைத்தான். காதுக்குக் கீழ்ஸ்தாயி மந்தம் என்பதால் கருவியும் அதைக் குறைத்துக் கணக்கிடும். 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிடும், 50 ஹெர்ட்ஸில் 30ஐ. ஆக 50 ஹெர்ட்ஸில் 60 டெசிபல் உறுமல் இருந்தால், அது சராசரிக் காதுக்கே தெளிவாகக் கேட்கும், ஆனால் கருவி 30 என்று காட்டும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்-ஏ. முப்பது எங்கே, நாற்பத்தைந்து எங்கே. புகார் கொடுத்தால் அளந்து பார்த்துவிட்டு, விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம், அதில் பொய் எதுவும் இருக்காது. ஜெர்மனி, டென்மார்க், ஜப்பான் போன்ற நாடுகள் கீழ்ஸ்தாயி ஒலிக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கின்றன. நமக்கும் அது அவசரமாக வேண்டும் என்பேன். வீடுகள் இவ்வளவு நெருக்கமாகக் கட்டப்படும் ஊரில் இதைத் தள்ளிப்போட முடியாது.

காது டாக்டரிடமும் போனோம். ஆடியோகிராம் எடுத்து, வயசுக்கு ஏற்ற காதுதான் என்றார். அந்தப் பரிசோதனை வழக்கமாக 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 வரை போகும். 48 ஹெர்ட்ஸை யாரும் போட்டுப் பார்ப்பதே இல்லை. போன், விதி, பரிசோதனை மூன்றும் ஒரே இடத்தில் செவிடு. மூன்றும் சேர்ந்து 'இல்லை' என்றதால் நானும் இல்லை என்று நம்பினேன்.

வயசுக்கு ஏற்ற காது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வயது ஏற ஏற மேல்ஸ்தாயி முதலில் போகும், கீழ்ஸ்தாயி பெரும்பாலும் தங்கிவிடும். மேலே இருக்கும் சலசலப்புகள் மறைந்தால் அடியில் இருப்பது துலக்கமாகத் தெரியும். இப்போதைய வீடுகளில் போடும் யுபிவிசி ஜன்னலும் இதையேதான் செய்கிறது. ஹாரன், பேச்சு எல்லாவற்றையும் தடுத்துவிடும், உறுமலை உள்ளே விட்டுவிடும். சத்தம் குறையட்டும் என்று ஜன்னலைச் சாத்தியவர்களுக்கு முனகல் கூடினது போலத் தோன்றுவது இதனால்தான்.

சின்ன வயதில் நம்மில் பலருக்கு இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்திருக்கும். பழைய குமிழ் டிவி, சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டிவி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மெல்லிய 'ஙீ' என்று ஒரு கீச்சு. அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார். அது கற்பனை இல்லை. நம் நாட்டு டிவி ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள், பெருக்கினால் 15,625 ஹெர்ட்ஸ். பிள்ளைகளின் காதுக்கு எட்டும், நாற்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கு எட்டாது. இதை வைத்தே 2005ல் பிரிட்டனில் ஒருவர் 17,400 ஹெர்ட்ஸில் கீச்சிடும் கருவி ஒன்றைச் செய்தார். கடை வாசலில் கூடும் இளைஞர்களை விரட்ட அது விற்கப்பட்டது, பெரியவர்களுக்கு அது ஓடுவதே தெரியாது.

இனி, வெளியே எதுவுமே இல்லாமல் காதுக்குள்ளேயே எழும் ஒலி. இதை மறைக்கக் கூடாது, ஹம் கேட்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இதுதான் காரணமாக இருக்கும். 1953ல் காதில் குறை இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் மூளை தானே வால்யூமை ஏற்றிக்கொள்கிறது. காதே ஒலி எழுப்பும் என்பதும் உண்மை. 1978ல் டேவிட் கெம்ப் அதைச் சின்ன மைக் வைத்துப் பதிவுசெய்து காட்டினார். பிறந்த குழந்தையின் காதில் ஒரு சிறு குமிழைச் செருகிப் பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனை அங்கிருந்து வந்ததுதான். காது இரைச்சல் என்பது இல்லாததைக் கேட்பது இல்லை, பயித்தியமும் இல்லை.

உள்ளே எழுவதா, வெளியிலிருந்து வருவதா என்று பிரித்துப் பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஊர் மாறினால் போகிறதா என்று பாருங்கள். பெரியம்மா நடுவில் பத்து நாள் ஆம்பூர் போனார், "இங்க இல்லப்பா, நல்லா தூங்குறேன்" என்று போனில் சொன்னார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு காதையும் நன்றாக அடைத்துக்கொண்டால் சத்தம் கூடுகிறது என்றால் அது பெரும்பாலும் உள்ளே இருப்பது. மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், அறைக்குள் நடந்து பாருங்கள், ஆரம்பிக்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மோட்டாருக்கு நேரம் காலம் உண்டு. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைசுற்றலோடு வந்தாலோ, திடீரென்று காது மந்தமானாலோ தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். இங்கிருந்து மூன்று மணி நேரத்தில் மைசூரு, அங்கே அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது.

முதலில் கட்டிலை அறையின் நடுப்பக்கம் இழுத்துப் போட்டோம். ஒரு பைசா செலவில்லை, அன்றே பாதி குறைந்தது. பிறகு ஹாஸ்டல்காரரைக் கையோடு கூட்டிவந்து, ராத்திரி ஒன்றரை மணிக்கு அந்தச் சுவரில் காதை வைக்கச் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அவருடைய சம்ப் மோட்டார் வெறும் கான்கிரீட் மேல் போல்ட் அடித்து நின்றது, அதிலிருந்து மேலே போகும் குழாய் எங்கள் பக்கச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. மோட்டாருக்கு அடியில் கனமான ரப்பர், குழாய்க்கு ஒரு வளையும் இணைப்பு, கிளாம்ப்புக்குள் ரப்பர் துண்டு. பிளம்பர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் காபி கொடுக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இன்னும் அரைக்கிறாங்கப்பா. ஆனா ரெண்டு தெரு தள்ளி."